சிறுவாடு

அரசர்தம் கருவூலங்களைச் சரித்திரம் விரித்துரைக்கும். அடுக்களைக் கருவூலத்தையோ அது மறந்துவிடும். தமிழ்ப் பெண்டிர் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளித்துச் சேர்த்த காசே சிறுவாடு. 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றிய பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. 2016 நவம்பர் 8-ஆம் நாளிரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோதுதான் பல பானைகளின் இரகசியம் வெளிப்பட்டது. என் இல்லாளும் தன் சிறுவாட்டை வங்கியில் இட்டாள்.

2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல், மீமிசலில் எங்கள் வீட்டு ஓடுகளைப் பெயர்த்தெறிந்தது. அப்பணமே மீண்டும் கூரையாயிற்று. “அத்தனையும் கரைந்ததே!” என வருந்தினேன். “இதற்குத்தானே சேர்த்தது?” என்றவள், வேலை முடிந்த மறுநாளே வெறும் பானையில் பத்து ரூபாய் இட்டாள். இடருக்குத் தயங்காது எடுத்தலும், இடர் தீர்ந்தபின் மறவாது நிரப்புதலுமே சிறுவாட்டின் அறம்.