டீசல் காரா, பெட்ரோல் காரா: எது நீண்ட நாள் தாங்கும்?

"டீசல் இன்ஜின்னா அசைக்க முடியாது." செகண்ட் ஹேண்ட் கார் தேடும்போது இந்தப் பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் 16 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் இது பெரும்பாலும் 10 முதல் 12 மடங்குதான். அந்த அழுத்தத்தைத் தாங்க டீசலின் பிளாக், பிஸ்டன் எல்லாம் கனமாகச் செய்யப்படுகின்றன. சுழலும் வேகமும் குறைவு. லோரிகள் பல லட்சம் கிலோமீட்டர் ஓடுவது இதனால்தான்.

சிக்கல் இன்ஜினைச் சுற்றி மாட்டியிருக்கும் பாகங்களில். புதிய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். அது நிறைந்ததும் சுமார் 600 டிகிரி சூட்டில் கரியை எரிக்க வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடணும். கம்போங் மேடானில் கிளம்பி, பழைய கிள்ளான் சாலை ஜேமில் ஊர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தும் காருக்கு அந்த வாய்ப்பு எங்கே? எரிப்பு பாதியில் நின்றால், பல கார்களில் அதற்காகச் செலுத்திய டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். கனமான இன்ஜினும் அப்போது தேயும். "டிபிஎஃப்பைக் கழற்றிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கரி அக்கம்பக்கத்தார் நுரையீரலுக்குத்தான் போகும்.

நம் நாட்டில் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய் கலந்த பி10 டீசலும் விற்பனையில் உள்ளது. இது ஈரத்தை எளிதில் இழுக்கும். அதனால் டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது முக்கியம். இன்ஜெக்டர் கெட்டால் செலவு கடிக்கும்.

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், மைவியில் இருப்பது போல, இந்தக் குட்டிப் பயணங்களை எளிதாகச் சமாளிக்கும். பழுதாகக்கூடிய பாகங்களும் குறைவு.

விலையும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அன்று ரோன்95 விலை 2.05 ரிங்கிட்.

வாரந்தோறும் ஈப்போ, ஜொகூர் என்று ஓடுபவரா, பாரம் ஏற்றுபவரா? டீசல் உங்களுக்குச் சரிவரும். பழைய டீசல் வாங்குவதென்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி, மட்டம் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள்.