ரைஸ் குக்கரின் "டக்" சத்தம்

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருடம் ஓகஸ்டில் கட்டணம் கூடியது. 2023 பெப்ரவரியில் திரும்பவும் கூடியது. அன்றிலிருந்து பில் வந்தால் எங்கட உம்மா முறைப்பது ரைஸ் குக்கரைத்தான். "காசைத் தின்னுறது இதுதான் மகன்" என்பார். குற்றம் உண்மையில் அதனுடையதா?

கதை ஜப்பானில் தொடங்குகிறது. அங்கே முன்பும் மின்சாரப் பானைகள் இருந்தன. ஆனால் யாராவது பக்கத்தில் நின்று பார்த்து நிறுத்த வேண்டும். தோஷிபா கம்பனி இதற்கு ஒரு வழி தேடியது. தண்ணீர் சூடாக்கும் கருவி செய்துவந்த சிறு தொழிற்சாலைக்காரர் யோஷிததா மினாமி அந்த வேலையை ஏற்றார். அவருடைய மனைவி ஃபுமிகோ நாளாந்தம் சோறாக்கி, வெப்பநிலையையும் நேரத்தையும் குறித்தார். கொதி வந்தபின் சுமார் 20 நிமிடம் போதும் என்று கண்டார்கள்.

அந்த 20 நிமிடத்தை இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? பானைக்கு வெளியே இன்னொரு பானை வைத்து, அதில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், இரண்டு உலோகம் ஒட்டிய தகடு வளையும், கரண்ட் தானாக நிற்கும். 1955 டிசம்பரில் அது கடைக்கு வந்தது.

ஆக, இந்தப் பொருளின் பெருமையே வேலை முடிந்ததும் நிற்பதுதான். "வார்ம்" பிறகு வந்த வசதி.

இப்போது கணக்கு. எங்கட குக்கர் 700 வாட். அரை மணித்தியாலத்தில் சோறு ஆகிவிடும்: 0.35 யூனிட். "வார்ம்" வெறும் 40 வாட். ஆனால் நோன்பு காலத்தில் மாலை 6 மணிக்கு ஆக்கி, சஹருக்கு 4 மணிக்குத்தான் திறப்போம். 10 மணித்தியாலம், 0.4 யூனிட். சமைக்கப் போனதைவிட, சும்மா வைத்திருக்கப் போனது கூட! 30 நாளைக்கு 12 யூனிட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வகையே மாறும் வீடுகளுக்கு 12 யூனிட் சின்ன விசயமில்லை.

இதைக் கரும்பலகையில் போட்டபோது பிள்ளைகள் உடனே தங்கள் வீட்டுக் குக்கரைக் கணக்குப் பார்த்தார்கள். நீங்களும் அடியில் எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். சாப்பிடும் நேரத்துக்குக் கிட்ட ஆக்குங்கள். "டக்" என்றதும் பத்து நிமிடம் மூடியபடி விட்டு, பிளக்கைக் கழற்றுங்கள்.

உம்மா இப்போது குக்கரை முறைப்பதில்லை. பிளக்கைக் கழற்ற மறந்த என்னைத்தான் முறைக்கிறார்.