சண்டேசர் கையில் மழு: ஓர் ஆயுதம் ஆட்சிச் சின்னமான வரலாறு

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்றான பெரணமல்லூரிலும் அதைச் சூழ்ந்த தொண்டைநாட்டு ஊர்களிலும் சிவன் கோயிலைச் சுற்றி வருகிறவர்கள், கருவறைக்கு வடபுறம் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியை ஒட்டிய சிறு சன்னதி முன் நின்று மெல்லக் கை தட்டுவார்கள். உடுத்திய துணியிலிருந்து ஒரு நூலைப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு. அங்கே தெற்கு நோக்கி அமர்ந்திருப்பவர் சண்டேசுவரர். அவர் கையில் இருப்பது மழு என்னும் கோடரி. தந்தையின் காலை வெட்டிய மழு என்று அதற்குக் கதை சொல்கிறோம். கதை பழையதுதான். ஆனால் கோயில் வரலாற்றில் அந்த மழு செய்த வேலை வேறு. சோழர் காலத்துக்குள் அது வெட்டும் கருவி என்ற நிலையைக் கடந்து, சிவன் சொத்தை அவர் சார்பில் ஆளும் உரிமையின் சின்னமாகிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெட்டாத கோடரி ஆட்சியைக் குறிப்பது தமிழகத்துக்கு மட்டும் உரிய விந்தையன்று. காங்கோ நாட்டின் தென்கிழக்கில் வாழும் லூபா மக்களின் சடங்குக் கோடரிகள் இதற்குத் தெளிவான சான்று. பிடியில் பெண் தலை செதுக்கி, இரும்பு அலகில் கோலம் கீறி, தலைவர்கள் தோளில் சாத்திக்கொள்ளும் அந்தக் கோடரிகளால் யாரும் மரம் வெட்டியதில்லை. லூபா அரசின் தோற்றக் கதையோ வன்முறையில் தொடங்குகிறது. கொடுங்கோலன் என்கோங்கோலோவைக் கலாலா இலுங்கா வென்று அரசனாகிறான். அவன் தந்தை, வேட்டைக்காரனான எம்பிடி கிலுவே, கொல்லர் தொழிலோடும் அரச ஒழுக்கத்தோடும் வந்தவன். ஆதியில் நிகழ்ந்த வெட்டை நினைவில் வைத்துக்கொண்டு இனி வெட்டத் தேவையில்லாத அதிகாரத்தை அறிவிப்பதுதான் தலைவன் தோளில் இருக்கும் கோடரியின் வேலை. இரு பண்பாடுகளுக்கும் தொடர்பு இருந்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, சொல்வதும் வீண். ஒரு கருவி எவ்வாறு சின்னமாகிறது என்ற கேள்வியை நம் சான்றுகளிடம் கேட்க லூபா கோடரி வழிகாட்டுகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துச் சான்று பல்லவரில் தொடங்குகிறது. வந்தவாசி வட்டத்துச் சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த அவனிபாஜன பல்லவேசுவரம் முதலாக, தொண்டைநாட்டுக் குடைவரைகளின் வாயிலில் காவலர்கள் நிற்கிறார்கள். பல்லவர் குடைவரைகள் சிலவற்றில் ஒரு காவலருக்குத் தலையில் கொம்புகள் இருக்கும். அதை நந்தியின் அடையாளமாகக் கொண்டவர்கள் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லாக்வுட், கிஃப்ட் சிரோமணி, தயானந்தன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட மாமல்லபுர ஆய்வு நூலில் வேறொரு விளக்கம் தந்தார்கள். கொம்புகள் திரிசூலத்தின் பக்கக் கிளைகள்; எதிரே நிற்பவரின் மகுடத்தில் முன்னோக்கி நீட்டியிருப்பது மழுவின் அலகு; ஆகவே வாயிலில் நிற்பவை ஆளுருக் கொண்ட சூலமும் மழுவுமே என்றார்கள். எனக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது, ஏனென்றால் இரண்டு காவலரையும் ஒரே விதியால் விளக்குவது இது ஒன்றுதான். இதை ஏற்றால், ஏழாம் நூற்றாண்டிலேயே மழு சிவன் கையை விட்டு இறங்கி, அவர் சார்பில் வாயிலைக் காக்கும் தனி ஆளாகிவிட்டது என்றாகிறது.

அடுத்த படி சண்டேசர். சேய்ஞலூரில் மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் செய்து பசுவின் பாலைச் சொரிந்த சிறுவன் விசாரசருமன்; பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தை எச்சதத்தன்; சிறுவன் எடுத்து வீசிய கோல் மழுவாக மாறிய அற்புதம்: இவற்றை விரிவாகச் சொல்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். சம்பந்தரும் அப்பரும் இதை முன்பே அறிவார்கள். பலரும் வெட்டோடு நின்றுவிடுகிறார்கள். கதையின் எடை விழுவது அதற்குப் பின்னால்தான். இறைவன் தன் கொன்றை மாலையை அவன் தலையில் சூட்டி, தான் உண்டதும் உடுத்ததும் சூடியதும் இனி அவனுக்கே உரியவை என்று பதவி தருகிறான். கங்கைகொண்டசோழபுரத்தில் வடக்கு வாயிலருகே உள்ள புகழ்பெற்ற சிற்பம் காட்டுவதும் மாலை சூட்டும் அந்தக் கணத்தைத்தான். முடிசூட்டும் தோற்றம் அதில் அவ்வளவு தெளிவு. அந்தப் பக்தன் முதலாம் இராசேந்திரனே என்று கலை வரலாற்றறிஞர் சிவராமமூர்த்தி கருதியதில் வியப்பில்லை. செப்புப் படிமங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. சண்டேசர் இரு கையும் குவித்து நிற்பார். மழு அவர் முழங்கை வளைவில் சாய்ந்திருக்கும். வெட்டுகிறவன் ஆயுதத்தை அப்படி வைத்துக்கொள்ள மாட்டான். சோமாஸ்கந்தர் போன்ற படிமங்களில் இறைவனின் பின்கைகளில் மானும் மழுவும் இருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், தொண்டன் தாங்குவது ஆண்டவனின் ஆயுதம் என்பது புரியும். கையெழுத்திடும் உரிமையை முத்திரை மோதிரத்தோடு ஒப்படைப்பது போன்றது இது.

கல்வெட்டுகள் அந்த உரிமையைக் கணக்கோடு பதிவு செய்கின்றன. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், பல ஊர்ச் சபைகள் கோயில் காசை வட்டிக்கு வாங்கியிருக்கின்றன. கடன் கொடுப்பவர் அரசனும் அல்லர், அர்ச்சகரும் அல்லர். இறைவனின் முதல் தொண்டரான ஆதிசண்டேசுவரர். வட்டி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நிலம் வாங்குவது, விற்பது, குத்தகைக்கு விடுவது எல்லாம் அவர் பெயரால்தான். பிற்காலச் சோழர் காலத்தில் கோயில் தொடர்பான நில விற்பனைக்குச் ‘சண்டேசுவரப் பெருவிலை’ என்றே பெயர் வழங்கியது. அவர் பெயரால் ஓலை விடுக்கும் வழக்கமும் இருந்தது. நிருவாகியாகிய தெய்வம் எந்நாளும் கணக்கு முடிக்காமல் தூங்குவதில்லை என்று எண்ணத் தோன்றும் அளவுக்குப் பதிவுகள் மிகுதி.

இதற்கு மறுப்புகள் எழும். முதலாவது வலிமையானது. சைவ ஆகம ஆய்வாளர் தொமினிக் குடால் 2009இல் வெளியிட்ட கட்டுரை, சைவ ஆகம மரபில் சண்டேசர் தமிழ்நாட்டு அடியார் கதைக்கு முந்தியவர், சிவனுக்குச் சாத்திக் களைந்த நிருமாலியத்தைப் பெறும் உக்கிர தெய்வம் என்று காட்டுகிறது. அப்படியானால் மழுவுக்கும் சேய்ஞலூர்க் கதைக்கும் பிறப்புத் தொடர்பு இல்லை என்றாகும். அதை ஏற்பதால் என் வாதம் தளரவில்லை, உறுதிதான் பெறுகிறது. மழு முன்பே இருந்தது. அதைத் தாங்கும் உரிமை ஒருவருக்கு எப்படி வந்தது என்பதைத் தமிழில் சொல்லவே கதை வளர்ந்தது. கோல் மழுவாக மாறியது என்ற நிகழ்ச்சி அதனால்தான் தேவைப்பட்டது; மாட்டுக்கோலுக்கும் ஆட்சிச் சின்னத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த ஒரு வரி கடந்துவிடுகிறது. இரண்டாவது மறுப்பு: நில ஆவணங்கள் சண்டேசர் பெயரைச் சொல்கின்றனவே தவிர மழுவைச் சொல்வதில்லை, கோயில் நில எல்லைக் கல்லில் பொறித்ததும் சூலம்தான். உண்மை. ஆனால் சூலக்கல் நிலம் யாருடையது என்று சொல்கிறது. அதை யார் ஆள்கிறார் என்று சொல்வதில்லை. வைணவக் கோயில்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே எல்லைக் கல்லில் ஆழி. சொத்துக்குப் பொறுப்பான சேனை முதலியார் என்னும் விஷ்வக்சேனர் கையிலும் பெருமாளின் சங்கு சக்கரம். இரு சமயத்திலும் நிருவாகி தாங்குவது தலைவனின் ஆயுதத்தையே. சிவனுக்குரியவற்றில் சூலம் நிலத்துக்குப் போனது, மழு ஆளுக்குப் போனது.

சண்டேசரின் இந்த அதிகாரம் முடிவுக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தில். தெய்வமே சொத்துரிமையுள்ள சட்ட ஆள் என்ற கோட்பாட்டை 1925இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வங்காள வழக்கில் உறுதி செய்தது. சென்னை மாகாணத்தில் 1927ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும், பின்னர் 1951ஆம் ஆண்டின் சட்டமும் மேற்பார்வையை வாரியத்துக்கும் பிறகு துறைக்கும் தந்தன. இன்று குத்தகை ரசீது அருள்மிகு மூலவர் பெயரில் வருகிறது. கையொப்பம் செயல் அலுவலருடையது. சண்டேசருக்கு அங்கே வேலை இல்லை. கோயிலிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று கணக்குக் காட்டும் அந்தக் கைதட்டல் மட்டும் மாறவில்லை. சாமி தியானத்தில் இருக்கிறார், தட்டினால்தான் கேட்கும் என்று இப்போது காரணம் சொல்கிறார்கள். நூல் போடும் வழக்கத்தைத் துணி கெடுகிறது, சன்னதி குப்பையாகிறது என்று கோயிலார் தடுக்கிறார்கள். சிவன் உடுத்த ஆடை சண்டேசருக்கு உரியது என்ற பழைய விதியின் தேய்ந்த மிச்சம் அந்த நூல் என்றே நான் கருதுகிறேன். தறிக்காரர் மிகுந்த ஊரில் ஓர் இழையின் விலை தெரியாமல் யாரும் அதைப் போடுவதில்லை.