பனிச்சரிவும் மலைநாட்டார் விவேகமும்

ஆல்ப்ஸ் மலைநாட்டு ஜனங்களிற் பலர் பனிச்சரிவைத் தெய்வ கோபமென்றே நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். ஆயினும், அக்கோபத்துக்கு அஞ்சி வாளா இருந்துவிடாமல், தங்கள் வாசஸ்தலத்துக்கும் சிகரத்துக்கும் நடுவே எதை அரணாக நிறுத்துவது என்று அவர்கள் ஆலோசித்ததே அந்நாட்டுச் சரித்திரத்தின் பெருமை. ஸ்விட்ஜர்லாந்தில் ஆண்டர்மாட் என்னும் ஊரைச் சார்ந்தவர்கள், 1397-ஆம் வருஷத்திலேயே சாசனம் எழுதி, ஊருக்கு மேலே சரிவில் நின்ற வனத்தில் எவரும் கை வைக்கலாகாதென்று விதித்தார்கள். டாவோஸ் பள்ளத்தாக்கிலுள்ள ஃப்ராவன்கிர்ஹ் தேவாலயத்தின் பின்சுவரோ, இறங்கி வரும் பனியை இரு கூறாகப் பிளந்து ஒதுக்கும்படி, மலையை நோக்கி ஆப்பு வடிவமாகக் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது.

அரண் அமைத்தவர்களுக்குப் பின், ஆராய்ந்தவர்கள் வந்தார்கள். 1850-இல் பெர்னினா சிகரத்தில் முதன்முதலாக ஏறியவரும், பிற்காலத்தில் ஸ்விஸ் அரசாங்கத்தின் தலைமை வன அதிகாரியாக விளங்கியவருமான யோஹான் கோவாஸ், தம் நாட்டுப் பனிச்சரிவுகளைப் பற்றி 1881-இல் விரிவானதொரு நூல் வெளியிட்டார். 1930-களின் நடுவில், டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோஹ் என்னுமிடத்தில், சிறு குடிசையொன்றையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு விஞ்ஞானிகள் சிலர் பனியைத் தோண்டிப் பார்க்கலானார்கள்.

அவ்வாறு வெட்டிய குழியின் சுவரில், ஒவ்வொரு பனிப்பொழிவும் காற்றும் வெயிலும் தனித்தனிப் படலமாகப் பதிந்திருக்கக் காணலாம். மேலே கடுங்குளிரும் அடியில் பூமியின் இளஞ்சூடும் இருப்பதால், நீராவி பனியினூடே மேலெழுந்து, அடிப்படலத்தின் நுண்மணிகளை ஒன்றோடொன்று ஒட்டாத, சர்க்கரை போன்ற பருமணிகளாக மாற்றிவிடுகிறது. இந்தப் பலவீனமான அஸ்திவாரத்தின் மேல் புதுப்பனி பலகையாக இறுகிக் கிடக்கும்போது, பனிச்சறுக்குக் கட்டைகளோடு வருகிற ஒரே மனிதனின் பாரம் அடிப்படலத்தைத் தகர்க்க, பலகை முழுவதும் கணத்தில் பெயர்ந்து சரிகிறது.

இந்த ஞானம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945-ஆம் வருஷத்துக் குளிர்காலத்திலிருந்து அந்த டாவோஸ் ஆய்வு நிலையத்தார் பனிச்சரிவு அபாய அறிக்கையைப் பொதுஜனங்களுக்கே வெளியிடத் தொடங்கினார்கள். 1950–51 குளிர்காலத்தில் ஸ்விட்ஜர்லாந்தில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பனிச்சரிவில் மாண்டபோது, சரிவுகளில் தடுப்பு வேலிகளை மிகுதியாக நிறுவவும், அபாயப் பிரதேசத்தில் வீடு கட்டுவதைத் தடுக்கவும் நாடு முனைந்தது. 1993 முதல் ஐரோப்பிய தேசங்கள் பலவும் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து ஒரே அளவுகோலால் அறிவிக்கின்றன.

ஆனால் வேலியும் வனமும் ஊரைக் காக்குமேயன்றி, பாதையற்ற மலைமுகட்டில் தன் விருப்பப்படி திரிகிற யாத்திரிகனைக் காக்கமாட்டா. அங்கே மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தாமோ தம் தோழரோ கிளப்பிய பனிச்சரிவிலேயே அகப்பட்டவர்கள். அறிக்கை ஒரு பிரதேசத்தின் நிலையைத்தான் உரைக்கும். முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வுள்ள இந்தச் சரிவில் இன்று கால் வைக்கலாமா என்பதை யாத்திரிகனேதான் நிதானிக்க வேண்டும். தங்கள் தேவையை அடக்கிக்கொண்டு சரிவின் வனத்தை விட்டு வைத்த ஆண்டர்மாட் ஊராரின் கட்டுப்பாடு, சிகரம் கண்ணெதிரே தெரியும்போதும் திரும்பி நடக்கச் சம்மதிக்கிறவனிடம்தான் இன்று தேவைப்படுகிறது.