முதிர மறந்த வெள்ளணு

போர்டிக்சன் வட்டாரத்தில் ரப்பர் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அதன் எண்ணெய்க்குச் செந்நிறம் தரும் கரோட்டினை நம் உடல் 'ஏ' உயிர்ச்சத்தாக மாற்றிக் கொள்கிறது. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் வரும் என்று மாணவருக்குச் சொல்கிறோம். அதே சத்திலிருந்து உடலில் உண்டாகும் ரெட்டினோயிக் அமிலம் இரத்தப் புற்றுநோய் ஒன்றின் போக்கையே மாற்றிய வரலாற்றை நம்மிற் பலர் அறியோம்.

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக முதிர்ந்த பின்னரே இரத்தத்திற் கலக்கின்றன. 1957-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் ஒரு நோயைத் தனியே பிரித்துக் காட்டினார். அதில் வெள்ளணுக்கள் 'புரோமைலோசைட்' என்னும் இளநிலையிலேயே நின்று, பெருகி, மஜ்ஜையை அடைத்துக் கொள்கின்றன. இரத்தம் உறையும் தன்மை கெடும். நோயாளி சில வாரங்களில் மாண்டு போவார்.

நச்சு மருந்தால் அணுக்களைக் கொல்வதே பிறகு வந்த வழி. 1980-இல் அமெரிக்காவில் பிரைட்மனும் உடன் ஆய்ந்தோரும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இரத்தப் புற்றணுக்களுக்கு ரெட்டினோயிக் அமிலத்தை இட்டனர். அவை முதிரத் தொடங்கின! ஒறுக்காமல் வளர்த்துத் திருத்தும் இம்முறை ஆசிரியர்களாகிய நமக்குப் பிடிக்காமற் போகுமா?

ஷாங்காய் மருத்துவர் வாங் ஜென்யி இவ்வழியைப் பற்றினார். 1985-இல் உயிருக்குப் போராடிய ஐந்து வயதுச் சிறுமிக்கு இவ்வமிலத்தின் ஒரு வகையை உட்கொள்ளக் கொடுத்தார். அவள் நலம் பெற்றாள். 1988-இல் அவர் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளருக்கும் நோய் தணிந்தது. எனினும் எண்மருக்குச் சில மாதங்களில் மீண்டும் வந்தது. அமிலம் மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்தது.

காரணம் பின்னர் விளங்கியது. இந்நோயில் 15, 17 ஆம் குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக் கொள்கின்றன. அமிலத்தின் கட்டளையை ஏற்கும் புரதத்தின் மரபணு 17-இல் இருப்பது. ஒட்டியதால் அது பழுதாகி, முதிர்ச்சியைத் தடுக்கிறது. மருந்தளவில் அமிலம் சேரும்போது அத்தடை நீங்குகிறது. செம்பனை எண்ணெயையோ உயிர்ச்சத்து மாத்திரையையோ மிகுதியாக உண்டால் இந்நோய் தீரும் என எவரும் எண்ணிவிடலாகாது. 'ஏ' உயிர்ச்சத்து மிகுந்தால் கல்லீரலுக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் கேடு.

இம்மருந்தும் நச்சு மருந்துகளும் சேர்ந்தால் ஏழைகளுக்குச் செலவு தாங்காது. ஆகவே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மாத்யூஸ் முதலியோர் 1998 முதல் 72 நோயாளருக்கு ஆர்சனிக் டிரையாக்சைடை மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். நம் சித்தர் வெள்ளைப் பாஷாணம் என்றதும் இதுவே. அதுவும் அப்பழுதான புரதத்தையே அழிக்கிறது. 2006-இல் வெளியான முடிவின்படி நூற்றுக்கு 86 பேருக்கு நோய் முற்றும் தணிந்தது. 2013-இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள், நோய் கடுமையாகாதவர்க்கு அமிலமும் ஆர்சனிக்கும் சேர்ந்தாலே போதும், நச்சு மருந்து வேண்டா என்று காட்டினர்.