உலாவியும் தமிழெழுத்தும்

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்பது பெயர். பல உலாவிகள் இருக்க, மக்கள் ஒன்றை மட்டும் விரும்பி மேற்கொள்வது ஏன் என்று வினவினால், விரைவு, பாதுகாப்பு, அந்தரங்கம் என்று விடை கூறுவர். தமிழர் அளவில் நோக்குமிடத்து இவை பிற்காலத்து விடைகள் என்பது புலனாகும். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தமிழ் வாசகன் உலாவியைப் பற்றிக் கேட்டது ஒன்றே: இதில் தமிழ் தெரியுமா?

நெட்ஸ்கேப் 1994-இலும், மைக்ரோசாப்டின் எக்ஸ்புளோரர் 1995-இலும் வெளிவந்தன. அந்த 1995-இலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். இணையம் என்ற சொல்லும் அவர் ஆக்கியதே என்பர். கோலாலம்பூரில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1985-இலேயே தோன்றியிருந்தது. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் யோங் பெங். தமிழ்க் கணினியின் இரு பட்டறைகளுக்கு நடுவே இருந்தும், இத்தகைய சிற்றூர் வாசகனுக்குத் தமிழ்ப் பக்கம் எளிதில் கிட்டவில்லை.

காரணம் எழுத்தில் இருந்தது. அக்கால எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதற்பாதி பெரும்பாலும் உரோமன் எழுத்துக்குப் போக, எஞ்சிய இடங்களில் தமிழை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அடுக்கினர். ஒருவர் அடுக்கில் அகரமாக நிற்கும் எண், மற்றொருவர் அடுக்கில் ஞகரமாக நிற்கும். ஆகவே வாசகன் அந்தந்தத் தளத்தின் எழுத்துருவைத் தன் கணினியில் பதித்து, உலாவியின் அமைப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சொந்தக் கணினி உடையவனுக்கு இது தொல்லை. கட்டணம் கொடுத்துக் கடையில் அமர்பவனுக்கோ இயலாத செயல். பிறர் கணினியில் எழுத்துருவைப் பதிக்க யார் விடுவர்?

1997-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 4, எக்ஸ்புளோரர் 4 ஆகிய இரண்டும் இதற்கு வழி கண்டன. பக்கமே தன் எழுத்துருவைச் சுமந்து வரும். இதனை இயங்கு எழுத்துரு என்றனர். ஆயின் இருவர் முறையும் வெவ்வேறு. ஒருவர் கோப்பை மற்றவர் உலாவி ஏற்காது. எக்ஸ்புளோரர் விண்டோசுடன் விலையின்றி வந்தமையால், தமிழ் ஏடுகள் பல அதற்கு மட்டுமே எழுத்துருவை ஆக்கின. நெட்ஸ்கேப்பின் வழிவந்த மொசில்லாவோ தன் பழைய எழுத்துரு முறையையே கைவிட்டது. எனவே தமிழ் நாளேடு படிக்க விரும்பியவன் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தான் என்று கூறுவது முற்றும் பொருந்தாது. அவன் படித்த பக்கம் அவனுக்காகத் தேர்ந்து வைத்தது.

அறிஞர்கள் வாளாவிருக்கவில்லை. 1997 மே மாதம் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. மின்னஞ்சல் வழி விவாதித்தோர் திஸ்கி என்னும் தரத்தை வகுத்தனர். சென்னை மாநாட்டின் வழி டாப், டாம் என்பவை வந்தன. ஒன்றை நாடியவர்கள் மூன்றைப் பெற்றனர்!

உண்மைத் தீர்வு முன்பே பிறந்திருந்தது. உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அதனைத் தாங்கியது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே தொடங்கிற்று. 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் உலாவி வந்தபோது, ஒரு நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபடலாம் எனப் பலர் மகிழ்ந்தனர். பழைய எழுத்துருப் பக்கங்களை ஒருங்குறியாக மாற்றிக் காட்டும் 'பத்மா' என்னும் துணைநிரல் அதற்குக் கிடைத்ததும் ஒரு காரணம்.

ஆயினும் அதிலும் ஒரு குறை இருந்தது. தமிழாசிரியர் நன்கு உணரத்தக்கது அது. 'கொ' என்னும் எழுத்து கணினியில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். காட்டும்பொழுது அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்றல் வேண்டும். பத்தியின் இரு ஓரங்களையும் சமன்செய்து அமைத்த பக்கங்களில் பயர்பாக்ஸ் இதனைச் செய்யத் தவறிற்று. கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுத் தனித்து நின்றன. தமிழ் படிப்பதற்கென்றே எக்ஸ்புளோரருக்குத் திரும்பியோர் உண்டு. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இக்குறை நீங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் கூகுளின் குரோமும் வந்தது.

இன்று எந்த உலாவியிலும் தமிழ் தெரிகிறது. ஆகவே விரைவும் அந்தரங்கமும் பற்றிப் பேசத் தமிழனுக்கும் ஓய்வு கிடைத்துள்ளது. எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15-ஆம் நாள் ஓய்வுபெற்றது. அதற்கென்றே ஆக்கப்பட்ட எழுத்துருக்களை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை. அக்காலத்துச் செய்தியும் கதையும் கட்டுரையும் சேமிப்பில் எஞ்சியிருப்பினும், திறந்தால் பொருளற்ற உரோமன் குறிகளாகவே தோன்றும். திஸ்கியில் எழுதப்பட்டவற்றை மீட்கலாம். அதன் அட்டவணை பொதுவில் உள்ளது. தமக்கென வகுத்த அடுக்கை வெளியிடாத ஏடுகளின் பக்கங்களை மீட்க விழைவோர், எந்த எண் எந்த எழுத்து என்பதை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தே மாற்ற வேண்டியிருக்கிறது.