தங்கவயலில் வசைச்சொல்லும் வேதபோதனையும்

மத்தேயு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் கோபத்தைப் பற்றிய போதனை இரண்டு இடங்களில் வருகிறது. 22ஆம் வசனம் ஏசுகிறவனை எச்சரிக்கிறது. சகோதரனை இழிசொல் சொன்னாலே தீர்ப்புக்கு நிற்க வேண்டும். 39ஆம் வசனம் அறை வாங்கியவனிடம் பேசுகிறது, மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிறது. இவற்றில் எது யாருக்குப் போதிக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டு பார்த்தால், கோலார் தங்கவயல் முக்கியமான களம். தலைமுறை தலைமுறையாக ஏச்சு வாங்கிய மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய ஊர் அது.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள். ஊரில் சாதியின் பெயரால் கேட்ட வசையை இங்கே மேஸ்திரியும் வெள்ளைக்கார மேலாளும் வேறு தொனியில் தொடர்ந்தார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால், தங்கம் ஒளித்திருக்கிறானா என்று உடம்பைத் தடவிச் சோதனை.

இத்தகைய அவமதிப்பு குறித்துத் திருச்சபைகளிடம் விதிகள் இருந்தன. பிஷப் டானியேல் வில்சன் 1833இலேயே சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். உட்காரும் இடத்திலும் நற்கருணைப் பாத்திரத்திலும் வேற்றுமை பார்ப்பது சகோதரனை அவமதிப்பதே என்பது அதன் அடிப்படை. தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதற்குக் கிளம்பிய எதிர்ப்பு சாதாரணமானதல்ல. லைப்சிக் லுத்தரன் மிஷனோ சாதி விஷயத்தில் விட்டுப்பிடிக்கும் போக்கையே கொண்டிருந்தது.

பஞ்சகாலத்தில் மிஷனரி லூயிசா ஆன்ஸ்டி கோலாரில் தொடங்கிய அநாதை இல்லத்தை 1890இல் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் ஏற்றுக்கொண்டது. அந்தச் சபை எங்கே போனாலும் ஜான் வெஸ்லியின் 1743ஆம் ஆண்டுப் பொதுவிதிகளும் கூடவே போயின. சண்டை கூடாது, வசைக்கு வசை கூடாது என்பவை நல்ல விதிகள்தாம். ஆனால் அதிகாரிகளைப் பழிக்கக் கூடாது என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. கூலியாளின் வாயைக் கட்ட அது ஒன்றே போதும். மறு ஆண்டு, 1891இல், போப் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் முதலாளிக்கும் கடமை உண்டு என்றது. தொழிலாளியின் மனித மாண்பை மதிக்கச் சொன்னது, அவனை அடிமைபோல நடத்தாதே என்றது. கலகம் வேண்டாம் என்று தொழிலாளிக்கும் சொன்னது. 22ஆம் வசனம் முதலாளியின் வாசலுக்குப் போனது இந்த மடலில்தான் என்பது என் கணிப்பு.

பிறகு தங்கவயலின் மாரிகுப்பத்தில் வேறொரு குரல் எழுந்தது. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் அங்கே வேரூன்றியது. 1907 முதல் 1914 வரை அவர் நடத்திய இதழில், சபைக்குள்ளும் சாதியைக் கொண்டுவந்தவர்களை அவர் விடாமல் சாடினார். அன்பைப் போதிக்கிற கோயிலிலேயே அவமதிப்பு நடக்குமானால் பொறுமைப் பிரசங்கம் யாருக்கு என்ற கேள்வி அந்தச் சாடலில் தொக்கி நிற்கிறது.

1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது வேலைநிறுத்தம் வெடித்தது. ஜானகி நாயரின் ஆய்வு இதை விரிவாகப் பேசுகிறது. கூலிக்காக மட்டும் எழுந்த போராட்டம் அல்ல அது. குற்றவாளியைப்போல ரேகை பிடிக்கப்படுவதை அவர்கள் மானக்கேடாகக் கண்டார்கள். 1946 நவம்பர் 4ஆம் தேதி தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 6 பேர் உயிரிழந்தார்கள். தொழிற்சங்கம் வளர்ந்தது, 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. ஏசுகிறவனைத் தட்டிக்கேட்கும் வேலையைப் பிரசங்க மேடை தயங்கிய இடத்தில் தொழிற்சங்கம் எடுத்துக்கொண்டது.

பிறகு சட்டமும் வந்தது. தாழ்த்தப்பட்டவரைப் பலர் அறிய இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் யார் தாழ்த்தப்பட்டவர் என்பதை 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை மதத்தை வைத்து வரையறுக்கிறது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆக, ஒரே லைன் வீட்டு வரிசையில் ஒரே வசையைக் கேட்கும் இருவரில் பௌத்தர் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். கிறிஸ்தவருக்கு அந்த வழி இல்லை.